குளிர்காலப் பயிற்சியும் ஊக்க மருந்தும்: தாம்பரம் சாலைகளிலிருந்து ஒரு சைக்கிள் வரலாறு

மிதிவண்டிப் பந்தயத்தின் வரலாற்றில் ஊக்க மருந்தும் குளிர்காலப் பயிற்சியும் ஒரே கேள்விக்குக் கிடைத்த இரண்டு விடைகள். இன்றைய உடலால் எட்ட முடியாத தூரத்தையும் வேகத்தையும் நாளை எப்படி எட்டுவது என்பதே அந்தக் கேள்வி. ஒரு விடைக்குப் பல மாதங்கள் தேவை. மற்றொன்றுக்கு ஒரு மாத்திரையோ ஓர் ஊசியோ போதும். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றி, நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன.

இது ஐரோப்பாவின் கதை மட்டும் அன்று. தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம் பகுதிகளில் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டும் நூற்றுக்கணக்கானோருக்கும் இதில் பங்கு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் எந்தப் பரிசுக்காகவும் ஓட்டாத அமெச்சூர்கள். சிலர் மாநில, தேசியப் பந்தயங்களைக் கனவு காணும் மாணவர்கள். இவ்விரு தரப்பினரும் இந்த வரலாற்றை அறிந்துகொள்வது அவர்களுடைய உடல்நலத்துக்கும் எதிர்காலத்துக்கும் தேவையானது.

ஆறு நாள் பந்தயமும் எட்டிக்கொட்டையும்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் டிசம்பர் தொடங்கினால் சாலைகள் பனியில் உறைந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பந்தய அமைப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கூரை வேய்ந்த அரங்குகளுக்குள் மரப்பலகையால் சரிவான ஓடுதளம் அமைத்து, ஆறு நாள் பந்தயங்களை நடத்தினார்கள். 1891இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நடந்தது இவற்றில் புகழ்பெற்றது. ஆறு நாட்களில் யார் அதிகத் தொலைவு கடக்கிறாரோ அவரே வெற்றியாளர். தூங்கினால் தூரம் குறையும். எனவே ஓட்டுநர்கள் தூக்கத்தைத் துறந்தார்கள். சிலர் மனப்பிரமையில் உளறத் தொடங்கினார்கள்.

அந்த நிலையில் அவர்களை மிதிக்க வைக்க உதவியாளர்கள் கொடுத்த பொருட்களில் கோகெய்ன், காஃபீன், ஸ்ட்ரிக்னைன் ஆகியவை இருந்தன. ஸ்ட்ரிக்னைன் நமக்குத் தெரிந்த எட்டி மரத்தின் கொட்டையில் உள்ள நஞ்சு. மிகச் சிறிய அளவில் அது நரம்புகளைத் தூண்டும். அளவு சற்று மீறினால் தசைகளை விறைக்கச் செய்து உயிரைப் பறிக்கும். 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் ஸ்ட்ரிக்னைனும் பிராந்தியும் கொடுக்கப்பட்டன. அன்று அது குற்றமாகக் கருதப்படவில்லை. மருத்துவ உதவியாகவே பார்க்கப்பட்டது.

பார்வையாளர்களுக்கும் ஆறு நாள் பந்தயத்தின் கொடுமை பொறுக்க முடியாததாயிற்று. ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று 1898இல் நியூயார்க்கில் சட்டம் வந்தது. அமைப்பாளர்கள் இருவர் கொண்ட அணியை அறிமுகப்படுத்தி, பந்தயத்தைத் தொடர்ந்தார்கள். ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் ஓட்டும் அந்த முறை ‘மேடிசன்’ என்ற பெயரில் இன்றும் ஒலிம்பிக் ஓடுதளப் போட்டிகளில் இருக்கிறது. மருந்தால் சமாளிக்க முயன்ற ஒரு சிக்கலை விதியை மாற்றித் தீர்க்க முடிந்தது என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு.

குளிர்காலம் பயிற்சிக் காலமானது

அதே குளிர்காலத்தை வேறு விதமாகப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள். பிரான்சில் சிலர் சைக்கிளை வயல்வெளி, சேறு, காட்டுப்பாதை என்று ஓட்டினார்கள். ஓட்ட முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதுவே சைக்ளோகிராஸ். 1902இல் அதற்குப் பிரெஞ்சு தேசியப் போட்டி நடந்தது. 1910இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை வென்ற ஒக்தாவ் லாப்பீஸ், தம் வெற்றிக்குக் குளிர்காலச் சைக்ளோகிராஸ் பயிற்சியே காரணம் என்றார். அதன் பிறகு அது சாலை ஓட்டுநர்களிடையே பரவியது. வசதியுள்ளவர்கள் குளிர் குறைந்த தென் பிரான்சின் கடற்கரைக்குப் போய்ப் பயிற்சி செய்தார்கள். பிற்காலத்தில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவு அத்தகைய முகாம்களுக்குப் பெயர் பெற்றது.

பயிற்சியின் உள்ளடக்கம் எளியது. பந்தயம் இல்லாத மாதங்களில் நீண்ட நேரம், மெதுவாக, பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் ஓட்டுவது. பயிற்சியாளர்கள் இதை அடித்தளக் காலம் என்பார்கள். இந்த மெதுவான ஓட்டத்தில் தசைச் செல்களில் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கூடுதலாகக் கிளைக்கின்றன. இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவு உயர்கிறது. உடல் கொழுப்பை எரித்து ஓடக் கற்றுக்கொள்கிறது. சில மாற்றங்களுக்கு வாரங்களும் சிலவற்றுக்கு மாதங்களும் பிடிக்கும். ஊக்க மருந்தின் வரலாறு முழுவதும் இந்த மாதங்களை விலைக்கு வாங்கும் முயற்சியாகவே இருந்து வந்திருக்கிறது.

தாம்பரத்தில் குளிர்காலம் எப்போது?

தாம்பரத்தில் ஐரோப்பிய நாட்காட்டியை அப்படியே பின்பற்ற முடியாது. இங்கே ஓட்டுநரைத் தடுப்பவை மழையும் வெயிலும்தான். ஜனவரியில் விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். பகலில் 30ஐ எட்டும். மே மாதத்தில் பகல் வெப்பம் 37, 38 டிகிரியைத் தாண்டிச் செல்லும். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். ஐரோப்பியர் அடித்தளப் பயிற்சியைத் தொடங்கும் நவம்பரில் நம் சாலைகளில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அந்த நினைவைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த வாரங்களில் சைக்கிளைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

எனவே நம்முடைய உண்மையான குளிர்காலம் மார்கழி, தை, மாசி. மழை ஓய்ந்து, காற்று தெளிந்து, வெயில் ஏறாத இந்த மூன்று மாதங்களே நீண்ட தூரம் ஓட்டுவதற்கு ஏற்றவை. கோலமிட வாசல் தெளிப்பவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் எழுந்துவிட்ட வேளை என்பதால் நாலரை மணிக்கே தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியாக வண்டலூர், அங்கிருந்து கண்டிகை, மேலக்கோட்டையூர், மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம், பிறகு கோவளம் கடற்கரை. போய்த் திரும்ப ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மேற்கே முடிச்சூர் வழியாக ஒரகடம், வாலாஜாபாத் பக்கமும் போகலாம். வழியில் பெரிய மேடு எதுவும் இல்லை. மலை இல்லாத ஊரில் எதிர்க்காற்றே மலை. கோவளத்திலிருந்து திரும்பும்போது எந்தப் பக்கம் காற்று என்பதைப் பொறுத்து அன்றைய கால்வலி அமையும்.

இந்தப் பாதையில் உள்ள மேலக்கோட்டையூருக்குத் தமிழக விளையாட்டில் தனி இடம் உண்டு. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. அதன் வளாகத்தில் மிதிவண்டி ஓடுதளம் உள்ளது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளின் ஓடுதளச் சைக்கிள் பந்தயங்கள் அங்கே நடைபெற்றன. நியூயார்க் அரங்கின் சரிவான பலகைத் தளத்தின் வாரிசு ஒன்று நம் புறநகரில், வார இறுதி ஓட்டுநர்கள் கடந்துபோகும் சாலையோரத்தில் இருக்கிறது.

வெயிலும் ஆம்பெட்டமினும்

20ஆம் நூற்றாண்டின் நடுவில் எட்டி நஞ்சின் இடத்தை ஆம்பெட்டமின் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளையும் போர் வீரர்களையும் விழித்திருக்க வைக்கப் பயன்பட்ட மாத்திரை, போருக்குப் பின் சைக்கிள் ஓட்டுநர்களின் சட்டைப் பைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1924இல், பெலிசியே சகோதரர்கள் டூர் தெ பிரான்ஸிலிருந்து பாதியில் விலகியபோது பத்திரிகையாளர் ஆல்பர் லோந்திரிடம் தங்கள் பைகளைத் திறந்து காட்டியிருந்தார்கள். கண்ணுக்குக் கோகெய்ன், ஈறுக்குக் குளோரோபார்ம், கூடவே பல மாத்திரைகள் என்று அவர்கள் அடுக்கிய பட்டியல் அச்சில் வந்தது. ஆனாலும் பரிசோதனை வர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

தென் சென்னை ஓட்டுநர்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய பகுதி இது. 1960 ஆகஸ்ட் 26 அன்று ரோம் ஒலிம்பிக்கின் 100 கிலோமீட்டர் அணிப் பந்தயத்தில் டென்மார்க்கின் நுட் எனமார்க் யென்சன் சைக்கிளிலிருந்து சரிந்து விழுந்து இறந்தார். அவருக்கு வயது 23. அன்று வெப்பம் 40 டிகிரியை நெருங்கியிருந்தது. வெப்பத் தாக்கே காரணம் என்பது அதிகாரபூர்வ முடிவு. இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து அணியினருக்குக் கொடுக்கப்பட்டதாகப் பேசப்பட்டது. அவர் மரணத்தில் மருந்தின் பங்கு என்ன என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. 1967 ஜூலை 13 அன்று இங்கிலாந்தின் டாம் சிம்ப்சன், கடும் வெயிலில் மோன் வான்ட்டூ மலை ஏறும்போது விழுந்து இறந்தார். அவர் உடலில் ஆம்பெட்டமினும் மதுவும் இருந்தன.

இந்த இரண்டு மரணங்களையும் இணைப்பது வெப்பம். உடல் சூடேறும்போது மூளை களைப்பு என்ற எச்சரிக்கையை அனுப்புகிறது. வேகத்தைக் குறை என்கிறது. தூண்டும் மருந்துகள் அந்த எச்சரிக்கையை மறைக்கின்றன. உடல் வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். குளிர் நாட்டில் களைப்போடு முடிந்துபோகும் ஒரு தவறு, சித்திரை வெயிலில் ஜி.எஸ்.டி. சாலையில் உயிரைக் கேட்கும். உடற்பயிற்சிக்கு முன் குடிக்கச் சொல்லி விற்கப்படும் சில தூள்களில் வலுவான தூண்டிகள் இருப்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெப்பத்துக்கு உடலை மருந்தின்றியும் பழக்கலாம். மாசி இறுதியிலிருந்து பங்குனி வரை, பத்துப் பதினான்கு நாட்கள் சிறிது சிறிதாக வெயில் நேரத்தை நீட்டி ஓட்டினால் இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மா பெருகும். வியர்வை முன்கூட்டியே சுரக்கும். அதில் உப்பு குறையும். அதே வேகத்தில் இதயத் துடிப்பு முன்பைவிடக் குறைவாக இருக்கும். குளிர்நாட்டு அணிகள் பெருஞ்செலவில் வெப்ப முகாம் அமைத்துப் பெறும் இந்தப் பயன் நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது.

சோதனையும் இரத்தமும்

பிரான்சில் 1965இல் ஊக்க மருந்துக்கு எதிரான சட்டம் வந்தது. 1966 டூர் பந்தயத்தின்போது போர்தோ நகரில் முதன்முறையாகச் சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது. மறுநாள் ஓட்டுநர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு நடந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒலிம்பிக்கில் 1968இல் சோதனை தொடங்கியது. அனபாலிக் ஸ்டீராய்டுகளுக்கான சோதனை 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் வந்தது. அவற்றில் ஒன்றான மெட்டான்டியனோன் 1958லேயே சந்தைக்கு வந்திருந்தது. ஒரு மருந்து புழக்கத்துக்கு வந்து, பல ஆண்டுகள் கழித்தே அதற்கான சோதனை வருகிறது. இந்த இடைவெளி இவ்வரலாறு முழுவதும் நீடிக்கிறது.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கச் சைக்கிள் அணியினர் சிலர் போட்டிக்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டார்கள். அன்று அதற்கு வெளிப்படையான தடை இல்லை. அதன் பிறகே தடை வந்தது. அடுத்து எரித்ரோபொயட்டின், சுருக்கமாக இ.பி.ஓ. சிறுநீரகம் சுரக்கும் இந்த ஹார்மோன் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. சிறுநீரகம் பழுதடைந்தோரின் இரத்தசோகைக்காகச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட இது 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விரைவிலேயே சைக்கிள் அணிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மாதக்கணக்கான பயிற்சி, தசைக்குப் போகும் ஆக்சிஜனைக் கூட்டுகிறது. ஊசி அதைச் சில வாரங்களில் செய்தது. கூடவே இரத்தத்தைக் கெட்டியாக்கியது.

கண்டுபிடிக்கும் சோதனை இல்லாததால் உலகச் சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. 1997இல் ஓர் இடைக்கால வழியைக் கையாண்டது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்ட அனுமதி இல்லை என்றது. ஓட்டுநர்கள் 49இல் நின்றுகொண்டார்கள். 1998 ஜூலையில் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வூட், கார் நிறைய மருந்துகளோடு பிரான்ஸ் எல்லையில் பிடிபட்டார். சோதனைக்கூடம் சாதிக்காததைச் சுங்க அதிகாரிகள் சாதித்தார்கள். அந்த அதிர்ச்சியின் விளைவாக 1999 நவம்பரில் உலக ஊக்க மருந்துத் தடுப்பு முகமை, அதாவது வாடா, உருவானது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இ.பி.ஓ. சோதனை நடைமுறைக்கு வந்தது. 2008 முதல் ஓட்டுநர்களின் இரத்த அளவுகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் உயிரியல் கடவுச்சீட்டு முறை வந்தது. மருந்தைத் தேடுவதற்குப் பதில் உடலில் மருந்து விட்டுச்சென்ற தடத்தைத் தேடுவது இதன் அடிப்படை.

1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் 2012இல் பறிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்ய முடியாததை அவருடைய அணித் தோழர்களின் சாட்சியம் செய்தது. ஆம்ஸ்ட்ராங் பயிற்சியில் சோம்பியவர் அல்லர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்தவர்தான். மருந்து உழைப்புக்கு மாற்று என்று நினைப்பது தவறு. உழைத்தவர்கள்தான், உழைப்பு போதவில்லை என்ற அச்சத்தில் அதை நாடினார்கள்.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் தேசிய ஊக்க மருந்துத் தடுப்பு முகமையான நாடா 2005இல் பதிவு செய்யப்பட்டு, 2009 முதல் முழுமையாகச் செயல்படுகிறது. 2022இல் தேசிய ஊக்க மருந்துத் தடுப்புச் சட்டம் அதற்குச் சட்ட அடிப்படை தந்தது. தில்லியில் உள்ள சோதனைக்கூடம் 2008இல் வாடாவின் அங்கீகாரம் பெற்றது; 2019இல் அது நிறுத்தி வைக்கப்பட்டு, 2021 டிசம்பரில் மீண்டும் கிடைத்தது.

வாடா வெளியிட்ட கணக்கின்படி 2023இல் இந்தியாவில் 5,606 மாதிரிகள் சோதிக்கப்பட்டன; 213இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. விகிதம் 3.8 சதவீதம். அதிக எண்ணிக்கையில் சோதனை செய்யும் நாடுகளில் இதுவே மிக உயர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டியில் சோதனை அதிகாரிகள் வந்திருப்பது தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் மட்டும் ஓடினார். மற்றவர்கள் களத்துக்கே வரவில்லை. உலக அரங்கை எட்டாத மாநில அளவிலேயே நோய் வேர்விட்டிருப்பதை அந்த வெறுமையான ஓடுபாதை காட்டியது.

தமிழ்நாட்டை மிகவும் பாதித்த நிகழ்வு கோமதி மாரிமுத்துவினுடையது. திருச்சி மாவட்டம் முடிகண்டம் கிராமத்தைச் சேர்ந்த அவர், 2019 ஏப்ரல் 22 அன்று தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வறுமையிலிருந்து எழுந்த அவர் கதையை மாநிலமே கொண்டாடியது. சில வாரங்களில், மார்ச் மாதம் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் தோகாவில் எடுத்த மாதிரியிலும் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடம் இருப்பதாகச் செய்தி வந்தது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் போனது. பாட்டியாலா மாதிரியின் முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் தோகாவுக்கே போயிருக்க மாட்டார். மாநிலம் முழுவதும் பார்க்க ஒருவர் ஏறி விழுந்த அந்த வலி தவிர்க்கப்பட்டிருக்கும்.

எங்கிருந்து இந்த அழுத்தம் வருகிறது? தமிழ்நாட்டில் சைக்கிள் பந்தயத்தின் முதல் படி பெரும்பாலும் அறிஞர் அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15ஐ ஒட்டி மாவட்டந்தோறும் நடக்கும் மிதிவண்டிப் போட்டி. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் இந்தியத் தயாரிப்பான சாதாரண சைக்கிளில் 10 முதல் 20 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். அரசு பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளிலேயே வந்து வெல்லும் பிள்ளைகள் உண்டு. அங்கே விளையாட்டு இன்னும் விளையாட்டுதான். அதற்கு மேலே மாநில, தேசியச் சான்றிதழ்கள் வருகின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், ரயில்வே, காவல்துறை, இராணுவ வேலை என்று ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றக்கூடிய வாய்ப்புகள் அந்தச் சான்றிதழில் தொங்குகின்றன. சில வினாடிகளுக்கு அவ்வளவு விலை இருக்கும்போது, ஊசி விற்பவன் தேடி வருவான். தடை விழும்போது அவன் பெயர் வெளியே வருவதில்லை. பிள்ளையின் பெயர் மட்டும் நாளிதழில் வரும்.

மருந்துக்கடையில் வரும் ஆபத்து

ஊக்க மருந்து விதிகளின் அடிப்படை, உடலில் இருப்பதற்கு ஓட்டுநரே முழுப் பொறுப்பு என்பது. யார் கொடுத்தார்கள், தெரியுமா தெரியாதா என்பவை தண்டனையின் அளவைக் குறைக்கலாம். மீறலை இல்லாமல் ஆக்காது. 2011இல் இந்தியத் தொடர் ஓட்ட வீராங்கனைகள் பலர் சிக்கியபோது, பயிற்சியாளர் வழியாக வந்த ஜின்செங் சத்து மாத்திரையே காரணம் என்றார்கள். ஓராண்டாக இருந்த தடையை விளையாட்டு நடுவர் மன்றம் 2012இல் இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது. அதற்கு முன் 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன்பு, மெத்தில்ஹெக்சனமைன் என்ற தூண்டியால் பல இந்திய வீரர்கள் சிக்கினார்கள். அது சத்துத் தூள்களில் கலந்திருந்த பொருள்.

நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சில மருந்துகளும் தடைப் பட்டியலில் உள்ளன. சளி இருமலுக்குக் கொடுக்கும் பல சிரப்களில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது எப்போதும் தடை செய்யப்பட்டது. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் மருந்தை உறிஞ்சுவதற்கு அளவோடு அனுமதி உண்டு. அதையே மாத்திரையாகவோ சிரப்பாகவோ எடுத்தால் மீறல். இரத்த அழுத்தத்துக்கு நடுவயதினர் சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற சிறுநீர்பெருக்கிகளும் பட்டியலில் உண்டு. மற்ற மருந்தின் தடத்தை அவை மறைக்கக்கூடும் என்பதே காரணம். சர்க்கரை நோயாளியின் இன்சுலினுக்கும் முன் அனுமதி வேண்டும். வலிநிவாரணியான டிரமடால் 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டுள்ளது. மருத்துவர் எழுதிக்கொடுத்ததால் மட்டும் ஒரு மருந்து அனுமதிக்கப்பட்டதாகாது. மருத்துவத் தேவை உள்ளவர் மருந்தை நிறுத்தவும் வேண்டியதில்லை. சிகிச்சைக்கான விலக்கு கோரி விண்ணப்பிக்கலாம்.

நாட்டு மருந்து என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் முழுமையாகச் சரியன்று. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. சுற்றுவட்டாரத்தில் சித்த மருத்துவத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்து மருந்தாக்கும் முறை சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரிக்னைன் இன்றும் போட்டிக் காலத் தடைப் பட்டியலில் இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிர்கிஸ்தானின் பளுதூக்கும் வீரர் ஒருவர் வெண்கலப் பதக்கத்தை இழந்தது இதே பொருளால்தான். போட்டியில் கலந்துகொள்பவர் அதைச் சித்த மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாறாக, ஒரு காலத்தில் அளவு மீறினால் குற்றமாக இருந்த காஃபீன் 2004 முதல் பட்டியலில் இல்லை. விடியற்காலை ஃபில்டர் காபிக்கு எந்தத் தடையும் கிடையாது.

பரிசே இல்லாத அமெச்சூருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். யூ.சி.ஐ. அமைத்த சுதந்திர ஆணையம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, அமெச்சூர் ஓட்டுநர்களிடையே ஊக்க மருந்துப் பழக்கம் பரவி வருவதைச் சுட்டியது. 2012இல் நியூயார்க்கில் நடந்த ஒரு பெரிய அமெச்சூர் பந்தயத்தில் இருவர் இ.பி.ஓ.வோடு பிடிபட்டார்கள். நல்ல வேலையும் வசதியும் உள்ள நடுவயதினர் தங்கள் வயதுப் பிரிவில் முந்துவதற்காக இதைச் செய்கிறார்கள். அணி மருத்துவர் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. இணையத்தில் வாங்கிய குப்பியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. தொழில்முறை ஓட்டுநரைவிட அவருக்கே உடல் ஆபத்து அதிகம்.

மூன்று மாதங்களின் கணக்கு

தாம்பரம் ஓட்டுநருக்கு இந்த வரலாறு விட்டுச்செல்லும் பாடம் நாட்காட்டியைப் பற்றியது. மருந்தை நாடியவர்களில் பலர் தங்கள் உடல் தயாராவதற்கு முன்பே வந்துவிட்ட பந்தயத்தைச் சந்தித்தவர்கள். ஆறு நாள் பந்தயத்துக்கு எந்த உடலும் தயாராக முடியாது. பங்குனியில் 200 கிலோமீட்டர் ஓட்ட நினைப்பவர் மார்கழியிலேயே தொடங்கினால் தயாராக முடியும்.

வேலைக்குப் போகும் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்று தொடங்குவது போதும். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். ஞாயிறு ஓட்டத்தை வாரந்தோறும் சிறிது நீட்டி, நான்காவது வாரம் குறைத்து, மீண்டும் நீட்ட வேண்டும். தை பிறந்த பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேகப் பயிற்சி சேர்க்கலாம். மாசியில் வெயிலுக்குப் பழக வேண்டும். காய்ச்சல் வந்தால் ஓய்வு. மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. தூக்கம் குறைந்த வாரத்தில் தூரத்தையும் குறைக்க வேண்டும். இதில் விற்பதற்கு எதுவும் இல்லாததால் இதற்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை.

சென்னையிலும் நடக்கும் ப்ரெவே என்ற நெடுந்தூர ஓட்டங்கள் இதற்கு நல்ல அளவுகோல். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27 மணி நேரம், 600க்கு 40 மணி நேரம். அந்த நேரத்துக்குள் முடித்த அனைவரும் சமம். முதலிடம் என்று ஒன்று இல்லை. இந்த மரபின் தாயான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1891இல் தொழில்முறைப் பந்தயமாகவே தொடங்கியது. நியூயார்க்கின் ஆறு நாள் பந்தயம் நடந்த அதே ஆண்டு. காலப்போக்கில் தொழில்முறைப் பந்தயம் நின்றுபோனது. அமெச்சூர்களின் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் நிலைத்தது. இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் அதில் கலந்துகொள்கிறார்கள். அவர்களில் இந்தியரும் உண்டு.

மேலக்கோட்டையூர் ஓடுதளத்தில் பயிலும் பிள்ளைகளுக்கு இந்த நிதானத்தைப் பரிந்துரைப்பது எளிதன்று. அவர்களுக்குப் பந்தயத் தேதியும் வேலைவாய்ப்பும் காத்திருக்கின்றன. அவர்களைக் காக்க, சோதனையோடு வேறு சிலவும் வேண்டும். பயிற்சியாளரும் மருந்து விற்றவரும் பொறுப்பேற்கும் விசாரணை, பள்ளி அளவிலேயே தமிழில் தடைப் பட்டியல், அடித்தளப் பயிற்சிக்கு இடம் விட்டு அமைந்த போட்டி அட்டவணை ஆகியவை அவற்றில் முதன்மையானவை. 12 மணி நேர விதி ஆறு நாள் பந்தயத்தை மாற்றியதுபோல, அட்டவணையில் செய்யும் ஒரு திருத்தம் எந்தச் சோதனைக்கூடமும் தர முடியாத பாதுகாப்பை அந்தப் பிள்ளைகளுக்குத் தரும்.